தாய்லாந்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை: போகலாமா, வேண்டாமா?

கரூர்க்காரன்:
பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இப்போ ஒரு நர்சரி ஸ்கூல்ல 9,000 ரூபாய் சம்பளம். ஒரு ஏஜென்ட், தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலை இருக்கு, 60,000 கட்டு, டூரிஸ்ட் விசாவுல போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்னு சொல்றார். 120 மணி நேர டெஃபல் (வெளிநாட்டவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற பயிற்சி) சர்டிஃபிகேட்டும் அவரே ஆன்லைன்ல வாங்கித் தருவாராம். போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்கண்ணே.

திரும்பி_வந்தவன்:
தம்பி, இதே கதையை எனக்கும் சொன்னாங்க. மாத்தவே இல்லை. நாலு மாசம் வொர்க் பெர்மிட் இல்லாம பாடம் நடத்தினேன். யாராவது சோதனைக்கு வர்றாங்கன்னா என்னை மட்டும் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுவாங்க, பழைய ஹார்மோனியம், உடைஞ்ச ஃபேனோட உட்கார்ந்திருப்பேன். விசா தேதி தாண்டினா நாளுக்கு 500 பாட் (அந்த ஊருப் பணம்) அபராதம். அதையும் கட்டிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

சம்பளம் கேளு. எனக்கு 25,000 பாட். பக்கத்து வகுப்புல ஒரு வெள்ளைக்காரர், டிகிரி ஹோட்டல் மேனேஜ்மென்ட்டுல, 38,000. அங்க வெள்ளைக்காரனுக்கு ‘ஃபராங்’னு பேரு, நம்ம பரங்கியேதான். நம்மள ‘கேக்’னு சொல்வாங்க, விருந்தாளின்னு அர்த்தமாம். பரங்கிக்கு 38, விருந்தாளிக்கு 25. போகாதே.

மேகாங்_கரை:
அண்ணே, உங்க கஷ்டம் நிஜம். ஆனா அது ஏஜென்ட் செஞ்ச வேலை, அதுக்கு ஊரையே சபிக்க வேண்டாம். நான் தாய்லாந்துல, மேகாங் ஆத்துப் பக்கம் இருக்கிற உபோன் மாகாணத்துல ஒரு அரசுப் பள்ளியில ஆறாவது வருஷம். வேலை தர்ற பள்ளி முதல்ல கடிதம் அனுப்பணும். அதை வச்சு சென்னையில இருக்கிற தாய் துணைத் தூதரகம் மூலமா நான்-பி விசா (வேலைக்குப் போறவங்களுக்கான விசா) எடுக்கணும். போனப்புறம் வொர்க் பெர்மிட். கல்வியியல் பட்டம் இல்லாதவங்களுக்குப் பள்ளி, குருசபாங்கிற ஆசிரியர் கவுன்சில்ல தற்காலிக அனுமதி வாங்கித் தரும். (பேரைப் பாருங்க, குரு சபை! வாத்தியாரைக் கூப்பிடுறதும் ‘க்ரூ’தான்.) உள்ளே போய் விசா மாத்துறதும் நடக்கிற காரியம்தான். ஆனா பெர்மிட் கைக்கு வர்ற வரைக்கும் வகுப்புல கால் வைக்கக் கூடாது. அங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க.

வேலை நமக்குப் பொருந்தும்னு ஏன் சொல்றேன்னா: தாய் மொழியில சொல்லு ‘ஸ்’ல முடியாது, ‘ல்’லயும் முடியாது. பஸ் அவங்க வாயில ‘பட்’. ஃபுட்பால் ‘ஃபுட்பான்’. ஸ்கூல் ‘ஸகூன்’, நம்ம ஊரு ‘இஸ்கூலு’க்குச் சித்தப்பா பையன். என் வகுப்புல ‘பஸ்ஸு’ன்னு சொல்லச் சொல்வேன். நல்லா வந்ததும், அந்தக் கடைசி உ-வைக் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கச் சொல்வேன். ஒரு வாரத்துல ‘ஸ்’ நிக்குது. என் பள்ளியில இருக்கிற ஃபராங் நண்பர் ஒருத்தர் ‘லிசன், பஸ்’ன்னு அம்பது தடவை சொல்லுவார், பிள்ளைங்க அம்பது தடவை ‘பட்’ன்னுவாங்க. நாக்கு எங்க இடறுதுன்னு அவருக்குத் தெரியாது, அவர் நாக்கு அங்க இடறினதே இல்லையே.

பாளை_டீச்சர்:
குற்றியலுகரத்தை மேகாங் வரைக்கும் கொண்டு போயிட்டீரே, சபாஷ். ஆனா தம்பி, இந்த வித்தை உமக்கு எத்தனையாவது வருஷம் கைவந்தது? முப்பத்தோரு வருஷம் பாளையங்கோட்டையில இங்கிலீஷ் நடத்தினவ கேக்கேன். இந்தப் பையன்கிட்ட இருக்கது ஏஜென்ட் வாங்கித் தரப்போற காகிதம். செல்ட்டாங்கிற கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் ஆசிரியர் பயிற்சியும் 120 மணி நேரந்தான், ஆனா அதுல ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு முன்னால நின்னு நடத்தணும், பின்னால ஒருத்தர் உக்காந்து குறிப்பெடுப்பாரு. ஆன்லைன்ல பட்டனை அமுக்கிட்டு நாப்பது பிள்ளைங்க முன்னால போய் நின்னா, பத்து நிமிஷத்துல பாட்டுப் போட்டுக் கைதட்டச் சொல்ல வேண்டியதுதான். பாவம் அந்தப் பிள்ளைங்க. அதை யாருமே யோசிக்கக் காணோம்.

நல்லூரான்:
டீச்சர் சொல்லுறது சரி. ஆனா அந்த ஹோட்டல் படிச்ச மனுசனிட்ட இந்தக் கேள்வியை ஆரும் கேக்கேல்லையே? தென்கொரியாவில இங்கிலிஷ் படிப்பிக்கிற இ-2 விசா ஏழு நாட்டுக்காரருக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. தென்னாபிரிக்கா டேர்பனில பிறந்த தமிழ்ப் பிள்ளை போகலாம், யாழ்ப்பாணத்தில இங்கிலிஷில எம்.ஏ. முடிச்ச பிள்ளை போகேலாது. இந்தியருக்கு 2010இல நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தால ஒரு சின்னக் கதவு திறந்தது, அதுவும் துணை ஆசிரியராக.

தாய்மொழிக்காரர்தான் நல்லாப் படிப்பிப்பினம் எண்டதைப் பிழையான நம்பிக்கை எண்டு பிலிப்சன் எண்ட மொழியியல் வெள்ளைக்காரரே 1992இல எழுதிப்போட்டார். டெசோல் எண்ட இங்கிலிஷ் ஆசிரியர் சங்கத்துக்குள்ள இதுக்கெண்டு 1998இல தனிக் குழு அமைக்க முன்னுக்கு நிண்டவர் ஜோர்ஜ் பிரெய்ன், எங்கட இலங்கைக்காரர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில படிப்பிச்ச சுரேஷ் கனகராஜாவும் இதைப் பற்றி நிறைய எழுதினவர்.

திரும்பி_வந்தவன்:
ஐயா, அதெல்லாம் சரி. கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிற ஆபீசர் பிலிப்சன் படிச்சிருப்பாரா? அவர் பார்க்கிறது பாஸ்போர்ட் அட்டை. மேகாங் தம்பி, நேரடியாவே கேக்கிறேன், உன் பள்ளியில உனக்கும் அந்த நண்பருக்கும் ஒரே சம்பளமா?

மேகாங்_கரை:
இல்லண்ணே. 6,000 பாட் வித்தியாசம். ரெண்டு தடவை கேட்டேன். பெத்தவங்க வெள்ளை முகம்தான் எதிர்பார்க்கிறாங்கன்னு டைரக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அன்னைக்கு ராத்திரி பெட்டி கட்டலாமான்னுகூட நினைச்சேன். மறுநாள் வை க்ரூ, குரு வணக்கம். பிள்ளைங்க முழங்கால்ல தவழ்ந்து வந்து ஒரு தட்டு கொடுத்தாங்க. அதுல அருகம்புல், இட்லிப்பூ, கத்திரிப்பூ. நம்ம பிள்ளையார் சதுர்த்தித் தட்டை அங்க பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை. அதுக்கு 6,000 பாட் பெறுமான்னு கேக்காதீங்க, பெறாது. ஆனா பெட்டி கட்டலை.

பாளை_டீச்சர்:
அழகாத்தான் இருக்கு. அருகம்புல்லை வச்சு வாடகை கட்ட முடியாதுய்யா. கரூர்த் தம்பி, 60,000 ரூபாயை ஏஜென்ட்டுக்குக் குடுக்காம ஒரு நல்ல பயிற்சிக்குக் கட்டு. அப்புறமா தாய்லாந்தோ தாராபுரமோ, எங்க வேணா போ.

கரூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பள்ளியோட பேரும், நான்-பி விசாவுக்கான கடிதமும் முதல்ல அனுப்புங்க, அப்புறம் பணம் கட்டுறேன்னு காலையில ஏஜென்ட்டுக்கு வாட்ஸப் போட்டேன். ப்ளூ டிக் வந்துச்சு. இப்போ அவர் டிபி தெரிய மாட்டேங்குது.

திரும்பி_வந்தவன்:
60,000 மிச்சம். டீ வாங்கிக் குடு.