‘ஓவேரியன் ரெஜுவினேஷன்’: இளமையாக்கமா, துயிலெழுப்பா?

> ‘ஓவேரியன் ரெஜுவினேஷன்’: சினைப்பை இளமையாக்கம்.
> ‘பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா’: தட்டணு செறிந்த குருதிநீர்.
> மருத்துவ அகராதிக்கு இந்த இரண்டு சொற்களும் சரிதானா?

இளமையாக்கம் வேண்டாம் ஐயா. விளம்பரப் பலகைக்கு ஆகும், அகராதிக்கு ஆகாது. முட்டை குறைந்துபோன சினைப்பைக்குச் செய்யும் இந்தச் சிகிச்சைகளில் (திசுவை எடுத்து வளர்த்துத் திரும்பப் பதிப்பது, தட்டணு செறிந்த பிளாஸ்மாவைச் சினைப்பைக்குள் ஊசியாகப் போடுவது) எதுவும் முட்டையின் வயதைக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. மிச்சமிருக்கும் மூலநுண்பைகளில் சிலவற்றையாவது எழுப்ப முடியுமா என்பதுதான் முயற்சி. (முட்டை உறங்கிக்கிடக்கும் மிகச் சிறிய பையான ‘பிரைமார்டியல் பாலிக்கிள்’ என்பதைத்தான் மூலநுண்பை என்கிறேன். முதல்நிலை நுண்பை என்றால் அடுத்த படியான ‘பிரைமரி’யோடு குழம்பும்.)

ஜப்பானில் கவாமுரா குழு 2013இல் வெளியிட்ட முறையைப் பாருங்கள். சினைப்பையை லேப்ராஸ்கோப்பி (சிறுதுளை அறுவை) வழியே எடுத்து, திசுவை 1–2 மி.மீ. துண்டுகளாக நறுக்குகிறார்கள். நறுக்குவதாலேயே வளர்ச்சியை அடக்கிவைக்கும் ‘ஹிப்போ’ சமிக்ஞை குலைகிறது. பிறகு ‘பிடென்’ (நுண்பையை உறக்கத்திலேயே வைத்திருக்கும் புரதம்) தடுப்பி சேர்த்த ஊடகத்தில் இரண்டு நாள் வளர்த்து, கருக்குழாயின் மேலுறைக்கு அடியில் பதிக்கிறார்கள். 27 பெண்களில் 13 பேருக்குத்தான் திசுவில் நுண்பை மிஞ்சியிருந்தது; அவர்களில் 8 பேருக்கு வளர்ந்தது. கட்டுரை அச்சானபோது பிறந்திருந்தது ஒரு குழந்தை. நுண்பையே இல்லாதவரிடம் எழுப்ப ஒன்றுமில்லை.

ஆகவே ‘இன் விட்ரோ ஆக்டிவேஷன்’ எனப்படும் இந்த முறைக்கு ‘உடல்புறத் துயிலெழுப்பு’. ‘தூண்டல்’ என்று போட்டால் ஐ.வி.எஃப். ஹார்மோன் ஊசியோடு மோதும்.

‘குருதிநீர்’ இன்னும் பெரிய சிக்கல். அது சீரத்துக்குப் புழங்கும் சொல். உறைந்த இரத்தத்திலிருந்து பிரிவது சீரம். தட்டணுக்கள் உறைகட்டியோடு போய்விடும். ‘தட்டணு செறிந்த சீரம்’ என்று ஒரு பொருளே கிடையாது. பிளாஸ்மா என்றே விட்டுவிடலாம்.

---

> அப்படியானால் தட்டணு ஊசிக்கும் துயிலெழுப்பு என்றே சொல்லலாமே?

கூடாது. அங்கே நுண்பை எழுகிறது என்பதே இன்னும் நிறுவப்படவில்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2023இல் இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. விளைவை வைத்துப் பெயரிடாமல் செயலை வைத்துப் பெயரிடுங்கள்: ‘சினைப்பைத் தட்டணு ஊசி’.

செய்முறைக் குறிப்பில் ‘மையவிலக்கிச் சுழற்றவும்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். பொதுவாகச் சுழற்சி இரண்டு. சிட்ரேட் (இரத்தம் உறையாமல் தடுப்பது) உள்ள குழாயில் எடுத்த இரத்தத்தை முதலில் மென்மையாகச் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கும். மேலே நிற்கும் பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றி வேகமாகச் சுழற்றினால் தட்டணு அடியில் சேரும். மேற்பகுதியை நீக்கிவிட்டு, அடியில் உள்ளதை மெல்லக் கலக்கி எடுக்க வேண்டும். முதற்சுற்றையே வேகமாக ஓட்டினால் தட்டணுவும் சிவப்பணுவோடு இறங்கி, கையில் வெறும் பிளாஸ்மாதான் மிஞ்சும். கால்சியம் சேர்ப்பதானால் ஊசி போடுவதற்குச் சற்று முன்புதான். முன்கூட்டியே சேர்த்தால் கூழாகி, முட்டை எடுக்கும் அந்த நீள ஊசிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். தட்டணு ஊசிக் கட்டுரைகளில் ‘ஆக்டிவேஷன்’ என்று எழுதுவது இந்தக் கால்சியப் படியைத்தான். அதற்கும் துயிலெழுப்பு என்று போட்டுவிடாதீர்கள், ‘கிளர்த்தல்’ போதும்.

---

> சரி, நீங்கள் சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் ஏற்கிறேன். சினைப்பைக்குச் ‘சூலகம்’ என்பது இலங்கை வழக்கு என்று அடைப்பில் சேர்க்கிறேன். ‘சினைப்பை நீர்க்கட்டி’ இங்கே எல்லார் வாயிலும் இருப்பதால் தலைச்சொல் சினைப்பையாகவே இருக்கட்டும்.