எஸ்கெல்பெக்கில் ஒரு செப்டம்பர்

பிரான்ஸ் என்றால் ஒயின்தான் என்று, வட பிரான்ஸின் லீல் நகரில் குடியேறி மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்கெல்பெக் போய்வந்த பிறகுதான் வடக்கின் கதை வேறு என்று புரிந்தது. டன்கர்க் போகும் ரயில் பாதையில், பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாண்டர்ஸ் கிராமம் அது. செங்கல் வீடுகள், கோதுமை வயல்கள், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட். திராட்சைக் கொடி மருந்துக்கும் கிடையாது.

1996-இல் தொடங்கப்பட்ட தீரியே என்ற சிறு பீர் ஆலை இங்கேதான் இருக்கிறது. அங்கே குடித்த பொன்னிற பீரில் இனிப்பு குறைவு. தொண்டையைத் தாண்டிய பிறகு மெல்லிய கசப்பு எழுந்து நின்றது. கடையில் அடுக்கியிருக்கும் டின்களில் இதை நான் கண்டதே இல்லை.

அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, மறுநாள் சைக்கிளில் ஸ்டீன்வோர்ட் பக்கம் போனேன். சாலையோரத்தில், பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் கொடிகளின் தோட்டம். நம் ஊர் வெற்றிலைக் கொடிக்கால் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே கம்பிகளைப் பற்றிக்கொண்டு கொடிகள் ஏழு மீட்டர் வரை ஏறுகின்றன. அறுவடை நடந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் பச்சைக் காய் ஒன்றைப் பறித்துத் தந்தார். காய் என்கிறேன், உண்மையில் அது செதில் செதிலாக மூடிய பூ. பிய்த்தால் அடியில் மஞ்சள் பொடி. விரலில் பிசினாக ஒட்டியது; எலுமிச்சைத் தோலும் வெட்டிய புல்லும் கலந்த வாசம். நாக்கில் வைத்ததும் நிலவேம்பு போலக் கசந்தது. பீர் கெடாமல் இருக்கத் துணை செய்வதும் இந்தப் பொடிதான்.

'பியேர் த கார்ட்' பற்றியும் அவர்தான் சொன்னார். வைத்திருந்து குடிக்கும் பீர் என்று பொருள். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் வெயில் நாட்களில் காய்ச்சினால் பீர் கெட்டுவிடும். அதனால் பண்ணைகளில் குளிர்காலத்திலேயே காய்ச்சி, நிலவறையில் வைத்துக் கோடையில் குடித்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் வட பிரான்ஸின் ஆலைகள் பலவற்றின் செம்புக் கொப்பரைகளை ஜெர்மன் படை எடுத்துச் சென்றது; பல ஆலைகள் மீளவே இல்லை. அதைக் கேட்டபோது, 1922-இல் ஜென்லென் கிராமத்தில் பீர் ஆலை தொடங்கி இன்றும் காய்ச்சிவரும் டுயிக் குடும்பத்தின் மீது பெரிய மரியாதை வந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று: ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம். வேறொரு கிராமத்தில் பீர் ஆலையின் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மாலையில் காசெல் குன்றில், எஸ்தமினே என்று இவர்கள் சொல்லும் பழைய சாப்பாட்டு விடுதி ஒன்றில் கார்பொனாட் கிடைத்தது. பீரில் மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சி. கசப்பு அடங்கி, குழம்பு கருத்து, வெல்லப்பாகு போல மின்னியது.

வசந்தத்தின் தொடக்கத்தில் ஹாப்ஸின் இளந்தளிரைக் கீரை போலச் சமைப்பார்களாம். மார்ச்சில் மறுபடியும் போகிறேன்.