உளுந்து மண்டிக் கணக்கு: டேபிளைப் பிரிக்கணுமா?

ரங்கூன்_தம்பி:
அண்ணன்மாரே, யாங்கோனில் எங்கள் மண்டிக்கு மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரே டேபிள்: பெயர், முகவரி, போன், சரக்கு, வீசைக் கணக்கில் எடை, விலை. வாடிக்கையாளர் ஒருவர் தாம்வே பகுதிக்குக் குடிமாறினார். பாதி வரியில் பழைய முகவரியே நிற்கிறது. போன் கட்டத்தில் கமா போட்டு மூன்று நம்பர். பிரித்தே ஆகணுமா?

மண்டலே_மாமா:
பிரி தம்பி. கமா போட்ட போன், 'ஒரு கட்டத்தில் ஒரே தகவல்' என்ற முதல் நார்மல் ஃபார்ம் விதியிலேயே அடிபடும், தனி டேபிளில் வை. முகவரி ஆளைப் பொறுத்தது, பில்லைப் பொறுத்ததல்ல. ஆள் டேபிளில் ஒரே இடத்தில் இருக்கட்டும். பெயரைச் சாவியாக்காதே, அதாவது ஆளை அடையாளம் காண அதை நம்பாதே. பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒரு தெருவிலேயே எத்தனை கோ ஆங்! ஆளுக்கு ஓர் எண் கொடு.

விலை விஷயம் வேறு. விற்ற அன்றைய விலை பில் வரியிலேயே இருக்கணும். சரக்கு டேபிளில் மட்டும் வைத்தால், உளுந்து ஏறியதும் போன மாத பில்லும் சேர்ந்து ஏறிவிடும். பார்க்க இரட்டிப்பு மாதிரி இருக்கும், ஆனால் அது வேறு தகவல்.

ரங்கூன்_தம்பி:
சரி மாமா. பிரித்த டேபிள்களைச் சேர்த்துப் பார்க்க நாலு ஜாயின் போட்டால் மெதுவாகாதா?

பெகு_அக்கா:
மண்டிக் கணக்குக்கா? தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போதும் தம்பி. டேபிள்களைச் சேர்த்துக் காட்டும் ஒரு வியூ எழுதி வை, முதலாளிக்குப் பழையபடி ஒரே டேபிளாகத் தெரியும்.