மீன் முள் ஏறினால் கேட்டு வாங்கும் ஊசி, பள்ளியில் போட்டால் மட்டும் ஏன் வேண்டாம்?

கேள்வி: பாம்பன் பகுதி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாம்பனுக்கு அருகே கடற்கரைக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் பணியாற்றுகிறேன். 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசிக்குப் பெற்றோரைச் சம்மதிக்கவைப்பது ஒவ்வோர் ஆண்டும் பெரும்பாடாக இருக்கிறது. "கைக்குழந்தையாக இருக்கும்போதே எல்லா ஊசியும் போட்டாயிற்று, இன்னும் எத்தனைதான் போடுவீர்கள்?" என்பதுதான் பெரும்பாலோர் கேட்பது. ஆனால் இதே பெற்றோர், கெளுத்தி முள் கையில் ஏறிவிட்டாலோ, பாசி எடுக்கப் போன இடத்தில் பாறை காலைக் கிழித்துவிட்டாலோ, மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே "ஒரு டி.டி. (ரணஜன்னி ஊசி) போட்டுவிடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்; சென்ற ஆண்டுதானே போட்டீர்கள் என்று நினைவுபடுத்தினாலும் விடுவதில்லை. கொரோனாக் காலத்தில் முகாமில் வரிசையில் நின்று இரண்டு தவணை போட்டுக்கொண்டவர்கள், மூன்றாவது இலவசமாக வந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே, திரும்பத் திரும்ப ஊசி போடுவதே இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியவில்லை. எதை ஏற்கிறார்கள், எதை ஏற்பதில்லை என்பதற்கு என்ன காரணம்? பெற்றோர் கூட்டத்தில் என்ன சொன்னால் எடுபடும்?

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், மண்டபம் வட்டாரம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் பணிக்காலத்தில் ஊசியே வேண்டாம் என்று மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "அடுத்த வாரம் வருகிறேன் நர்சம்மா" என்று சொல்லித் தள்ளிப்போட்டவர்களே அதிகம். அதற்கு ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. நம் மாநிலத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் புதன்கிழமை. இராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களிலும் ஒன்று அதே புதன். கக்குவான் இருமலுக்கான மருந்து சேர்ந்த ஊசியைப் போட்டால் அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் வரும் என்பது முதல் குழந்தையிலேயே தாய்க்குத் தெரிந்துவிடும். கணவர் கடலில் இருக்கும் இரவில், அழும் குழந்தையைத் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடக்க யாருக்குத்தான் மனம் வரும்? 6, 10, 14 வாரங்களில் தவறாமல் வந்த தாய், 16 மாதத்துக்கு மேல் போட வேண்டிய ஊக்கத் தவணைக்கு வராமல் போவதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

டி.டி. ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காயம் கண்ணுக்குத் தெரிகிறது, இரத்தம் வருகிறது, அதனால் ஊசிக்கும் அர்த்தம் இருப்பதாகப் படுகிறது. நாய்க்கடி ஊசியிலும் இதையே பார்த்தேன்: கடித்த அன்றும், 3ஆம் நாளும், 7ஆம் நாளும் தவறாமல் வருபவர்கள், 28ஆம் நாள் வருவதில்லை, ஏனென்றால் அதற்குள் புண் ஆறியிருக்கும். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் மட்டும், இப்போது கையில் நான்கு முறைதானா என்று வியந்துகொண்டே முழுமையாகப் போட்டுக்கொள்வார்கள்.

பதில் 2: கீழக்கரை வாசகர்

செவிலியர் அம்மா சொன்னதில் உண்மை உண்டு. ஆனாலும் குறையை முழுவதும் மக்கள் பக்கமே வைத்துவிடக் கூடாது. கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு முதலில் 4 முதல் 6 வாரம் என்றார்கள். 2021 மார்ச்சில் 6 முதல் 8 வாரம் ஆயிற்று. மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் ஆயிற்று. அடுத்த மாதமே, வெளிநாட்டில் வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று தனி அனுமதி வந்தது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊரில் இதன் விளைவு என்னவென்றால், துபாய்க்குத் திரும்ப வேண்டிய தம்பி 28 நாளில் போட்டுக்கொள்ள, அதே வீட்டில் அதே மருந்தை எடுத்த அண்ணன் 84 நாள் காத்திருந்தார். எது சரியான கணக்கு என்று அவர் கேட்டதற்கு, "மேலிடத்து உத்தரவு" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

மூன்றாம் தவணையிலும் இப்படியே. 2022 ஏப்ரலில் 60 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஜூலையில் 75 நாளுக்கு இலவசம் என்றார்கள். உயிருக்கு அவசியமானது என்றால் ஏன் விலை, அவசியமில்லை என்றால் ஏன் முகாம் என்று மக்கள் நினைத்ததில் தவறு காண முடியாது. நாடு முழுவதும் 100 கோடிக்கு மேற்பட்டோர் முதல் தவணை எடுத்திருக்க, முன்னெச்சரிக்கைத் தவணை எனப்பட்ட இந்த மூன்றாம் தவணை 22 கோடி அளவிலேயே நின்றுபோனது. ஹஜ் பயணத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் ஊசியையும் போலியோ சொட்டு மருந்தையும் எங்கள் பெரியவர்கள் தயங்காமல் ஏற்கிறார்கள். எதற்காக என்பது அங்கே தெளிவாக இருக்கிறது.

பதில் 3: குழந்தைநல மருத்துவர், இராமநாதபுரம்

கீழக்கரை நண்பரின் குறையை ஏற்கிறேன். இடைவெளி நீண்டால் கோவிஷீல்டின் பலன் கூடுகிறது என்பது உண்மை. அந்த மே மாதத்தில் மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மக்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். மூன்றாம் தவணை எல்லா வயதினருக்கும் ஒரே அளவு முக்கியமானதும் அல்ல. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு முதியோரையும் இணைநோய் உள்ளோரையும் முன்வரிசையிலும், ஆரோக்கியமான சிறுவர்களைக் கடைசி வரிசையிலும் வைத்தது.

"மறுபடியும் ஏன்" என்ற கேள்விக்கு எல்லா ஊசிக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது, நாம் ஒரே விடையைச் சொல்ல முயல்வதுதான் குழப்பத்துக்குக் காரணம். மணல்வாரி அம்மைக்கான (தட்டம்மை) ஊசியை 9 மாதத்தில் போட்டால் ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளிடம்தான் அது வேலை செய்யும். இரண்டாம் தவணை, முதல் ஊசி எடுபடாத மற்றவர்களுக்காகப் போடப்படுவது, ஆனால் அவர்கள் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாததால் எல்லோருக்கும் போடுகிறோம். போலியோ சொட்டு மருந்து நம் நாட்டுக் குழந்தைகளின் குடலில் எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை என்பதை வேலூரில் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் முதலியோர் ஆய்வில் கண்டார்கள். ஆண்டுதோறும் அத்தனை சுற்றுகள் தேவைப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் நோய் இல்லை.

ரணஜன்னியும் தொண்டை அடைப்பானும் வேறு வகை. அவற்றுக்கான எதிர்ப்பாற்றல் முதலில் நன்றாக உருவாகி, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கிறது. 2016இல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் பரவியபோது பதின்ம வயதினரும் இறந்தார்கள். பெற்றோரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: மீன் முள் ஏறும்போது அவர்கள் கேட்டு வாங்கும் ரணஜன்னி மருந்தே பள்ளி ஊசியிலும் இருக்கிறது, 2019 முதல் அதனுடன் தொண்டை அடைப்பான் மருந்தும் சேர்ந்திருக்கிறது. தவணைகளை முறையாக முடித்தவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் 10 ஆண்டுக்குள்ளும், அழுக்கான காயம் என்றால் 5 ஆண்டுக்குள்ளும் மறு ஊசி தேவையில்லை. அதாவது, பள்ளியில் போட்டுக்கொண்டால் காயத்துக்குக் காயம் ஓட வேண்டிய தேவை குறைகிறது. பள்ளி ஊசியில் கக்குவான் மருந்து இல்லை என்பதால் கைக்குழந்தைக்கு வருவது போன்ற காய்ச்சல் பெரும்பாலும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட ஆசிரியை

மிக்க நன்றி. காய்ச்சல் பற்றிய செய்தியை எங்கள் சுற்றறிக்கையில் இதுவரை எழுதியதே இல்லை, இனி முதல் வரியாக அது இருக்கும். தேதி குறித்து ஏதேனும் ஆலோசனை உண்டா, அம்மா?

பதில் 1 எழுதியவர்

புதனைத் தவிர்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். என்னைக் கேட்டால் ஜூன் முதல் இரண்டு வாரம் நல்லது. மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதி வரை நீடிப்பதால் விசைப்படகில் போகும் தகப்பன்மார் வீட்டில் இருப்பார்கள். அதற்குள் பள்ளியும் திறந்திருந்தால் பெற்றோர் கூட்டத்தையும் அப்போதே வைத்துவிடலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்கள் வீடுகளுக்கு மட்டும் மாலையில் ஒருமுறை ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.