மறு: ‘எக்ஸ்குளூசிவ் கேம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரே விளையாட்டுப் பெட்டிக்கு (கன்சோல்) மட்டும் வரும் ஆட்டத்தை ‘எக்ஸ்குளூசிவ் கேம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘பிரத்யேக ஆட்டம்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் டிவிக்காரர்கள் ‘பிரத்யேகப் பேட்டி’ என்று போட்டுப் போட்டு அதைப் பெருமைச் சொல்லாக்கிவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டி வைத்திருப்பவருக்கு வேண்டுமானால் பெருமை. கணினியில் ஆடுகிறவருக்கு என்ன பெருமை?

ஹேலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளின் மேக் கணினி விழா மேடையில் காட்டிய ஆட்டம் அது. மறு வருடமே அதை உருவாக்கிய பஞ்சி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸோடு ஹேலோ வந்தது. கணினிக்கு வர 2003 ஆயிற்று. இரண்டாம் பாகம் 2004-இல் வந்தது. கணினிக்கு 2007-இல்தான், அதுவும் விண்டோஸ் விஸ்டா இருந்தால் மட்டும். அதற்கு முந்தைய எக்ஸ்பியிலிருந்து ஆட்களை விஸ்டாவுக்கு இழுக்க வேறு வழி தெரியவில்லை போலும். சிலர் அந்தத் தடையை உடைத்து எக்ஸ்பியிலேயே ஓட்டிக் காட்டினார்கள். மூன்றாம் பாகம் 2007-இல் வந்தது, கணினிக்கு 2020-இல்! விண்டோஸையே விற்கிற நிறுவனம் விண்டோஸ்காரர்களைக் காக்கவைத்த கதை இது.

எனவே, பூட்டியது யாரோ ஒருவர் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு: தளப்பூட்டு. தளம் என்பது ஆட்டம் ஓடும் பெட்டியோ கணினியோ. ஆட்டத்தைத் ‘தளப்பூட்டு ஆட்டம்’ எனலாம். சில மாதம் கழித்துத் திறந்துவிடுவது தவணைப்பூட்டு. நாட்டுக்கு நாடு வட்டு ஓடாமல் செய்வார்களே, அது வட்டாரப்பூட்டு. ஒரே வேரில் மூன்றும் கிடைக்கின்றன.

> தளம் என்றால் இணையதளம் என்று குழப்பம் வராதா?

இயங்குதளம் என்று எழுதும்போது யாரும் குழம்புவதில்லை. ‘மேடைப்பூட்டு’ என்றால்தான் நாடகக் கொட்டகை நினைவு வரும்.

> நிண்டெண்டோ தன் பெட்டிக்கென்றே செய்யும் மரியோவும் பூட்டா?

நல்ல கேள்வி. அதைத் தன்தள ஆட்டம் என்று பிரித்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் எல்லை எங்கே என்பதில் இழுபறி இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற கணினி ஆட்டத்தைச் செய்த என்செம்பிள், மவுஸ் பிடித்து வளர்ந்த குழு. அவர்களுடைய கடைசி ஆட்டமான ஹேலோ வார்ஸ், 2009-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மட்டும் வந்தது. படை திரட்டிப் போரிடும் ஆட்டத்தைக் கைப்பிடிக் குச்சியால் ஆடச் சொன்னார்கள். அதே வருடம் குழுவையும் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. தொடக்கத்திலிருந்தே பெட்டிக்கென்று எழுதியதுதானே என்று வாதிடலாம். 2016-இல் கணினிக்கும் வந்துவிட்டதால் நான் பூட்டுக் கணக்கில்தான் வைப்பேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

ஒரு தளத்து ஆட்டத்தை இன்னொரு தளத்துக்கு மாற்றி ‘போர்ட்’ செய்வதற்குப் ‘பெயர்ப்பு’ சரியா என்ற பேச்சை இதில் கலக்க வேண்டாம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.