அப்பீஸ்மென்ட்: தணிப்பா, விட்டுக்கொடுப்பா?

அன்பர்களே,
மேனிலை வகுப்புக்கான வரலாற்றுத் துணைநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 1938 மியூனிக் ஒப்பந்தம் பற்றிய அத்தியாயத்தில் ‘அப்பீஸ்மென்ட்’ (போரைத் தவிர்க்க எதிரி நாட்டின் கோரிக்கைகளுக்கு இணங்கிப்போவது) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘சமாதானக் கொள்கை’ என்று போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, “சமாதானம் நல்லதுதானே சார், அப்புறம் ஏன் சேம்பர்லினைத் திட்டுறாங்க?” என்றாள். ஹிட்லருக்கு இணங்கிப்போன அன்றைய பிரிட்டிஷ் பிரதமரைத்தான் சொல்கிறாள். சொல்லை மாற்றியே ஆகவேண்டும். உதவுங்கள்.

---

ஐயா,
‘தணிப்பு’ இருக்கிறதே! தணிதல் தன்வினை, தணித்தல் பிறவினை. சேம்பர்லின் தணிந்தாரா, ஹிட்லரைத் தணித்தாரா என்ற மயக்கமே வராது. முருகன் சினம் தணிந்த தலம் திருத்தணி. ஊடல் தணிப்பதும் இதே வினைதான். அங்கே தோற்றவரே வென்றவர் என்கிறார் வள்ளுவர். பிறவினை தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ‘தணிவிப்பு’ என்றும் ஆக்கலாம். ‘ஆற்றுப்படுத்தல்’ வேண்டாம், அது இன்று உளவளத் துறைக்குப் போய்விட்டது. ‘சமாதானம்’ வடசொல், எப்படியும் விலக்க வேண்டியது.

---

ஐயா, வணக்கம்.
வடசொல்லோ தென்சொல்லோ, பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். தணிப்பு என்றால் அவர்களுக்குத் தாகமும் காய்ச்சலும்தான் நினைவுக்கு வரும். பத்திரிகைகள் ‘தாஜா’ என்று எழுதுகின்றன, டீக்கடையில்கூடப் புரியும். அது கூடாதென்றால் ‘விட்டுக்கொடுப்புக் கொள்கை’ என்று வையுங்கள்.

---

அம்மா,
இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ‘விட்டுக்கொடுப்பு’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விட்டுக்கொடுப்பவன் தன்னுடையதைத்தான் விட்டுக்கொடுப்பான். மியூனிக்கில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நான்கும் கையெழுத்திட்டு ஹிட்லருக்குக் கொடுத்தது செக்கோஸ்லோவாகியாவின் சுடேட்டன் பகுதியை. அந்நாட்டுக்குப் பேச்சு மேசையில் நாற்காலியே இல்லை. அதன் பிரதிநிதிகள் இருவர் விடுதியில் காத்துக் கிடந்தார்கள். எதை இழக்கிறோம் என்பதை வரைபடத்தில்தான் பார்த்தார்கள்.

‘தாஜா’வும் சரிப்படாது. சேம்பர்லின் வாயில் அப்பீஸ்மென்ட் நல்ல சொல். ஹெஸ்டன் விமானத் தளத்தில் இறங்கி, ஹிட்லரும் தாமும் கையெழுத்திட்ட தாளை உயர்த்திக் காட்டியவர், போரைத் தடுத்துவிட்டதாக மனதார நம்பினார். 1936இல் நாடாளுமன்றத்தில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன்கூட, ஐரோப்பா முழுவதும் அமைதி கொள்ள வேண்டும் என்ற பொருளில்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகுக்குள் நுழைந்த பிறகு அது வசைச்சொல்லாக இறுகிவிட்டது. அதே ஈடன் பிரதமராக இருந்து, 1956இல் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய எகிப்து அதிபர் நாசரை இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியோடு ஒப்பிட்டுப் படை அனுப்பினார். முப்பதுகளின் தவறு திரும்பக் கூடாது என்பது அவர் வாதம். ஆக, நமக்கு வேண்டியது இந்த மூன்று இடத்திலும் நிற்கும் சொல். ‘தாஜா’ என்று முதலிலேயே எழுதிவிட்டால் 1936இன் ஈடனை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

---

அனைவருக்கும் நன்றி. தனி மடல்களையும் சேர்த்தால் ‘தணிப்பு’க்கு ஐந்து, ‘விட்டுக்கொடுப்பு’க்கு மூன்று. ‘தணிவிப்பு’ நாக்கில் புரளவில்லை. ‘தணிப்புக் கொள்கை’ என்றே அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள் ஐயா. ஆனால் முதல் இடத்தில் மட்டும் ‘பிறர் நிலத்தைக் கொடுத்துப் பகைவனைத் தணிக்கும் கொள்கை’ என்று முழுதாக எழுதுங்கள். அது இல்லாத ‘தணிப்பு’க்கு என் வாக்கு இல்லை.