முதுநிலை மாணவர்களை ஊதியத்தோடு பயிற்சியில் அமர்த்துவது குறித்து: மும்பைத் தமிழ் அமைப்புகளிடம் ஒரு கேள்வி

கேள்வி: தாராவி படிப்பகச் செயலாளர்

வணக்கம். தாராவியில் சிறிய அறக்கட்டளை ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். மாலை நேரத்தில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பகமும், ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஷன் அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ் முதலியவற்றுக்கு மனு எழுதித் தரும் உதவி மையமும் நடத்திவருகிறோம். வேலை கைமீறிப் போவதால், சமூகப்பணியோ சமூகவியலோ முதுநிலையில் படிக்கும் மாணவர் இருவரை ஆறு மாதங்களுக்கு, மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில் அமர்த்தலாம் என்று குழுவில் முன்மொழிந்தேன். மூத்த உறுப்பினர்களோ, "கல்லூரிகளே களப்பணிக்குப் பிள்ளைகளைச் சும்மா அனுப்புகின்றனவே, தொண்டுக்கு ஏன் கூலி?" என்று கேட்கிறார்கள். களப்பணி மாணவருக்கும் ஊதியம் பெறும் பயிற்சியாளருக்கும் நடைமுறையில் உள்ள வேறுபாடு என்ன? இந்தச் செலவைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? தமிழ் தெரியாதவரை எடுத்தால் பயன்படுவாரா?

மறுமொழி 1: செம்பூர், களப்பணி மேற்பார்வையாளர்

செயலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தங்கள் குழு மூத்தவர்களின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர்கள் இரண்டு வேறு ஏற்பாடுகளை ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். களப்பணி என்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அதற்கு மதிப்பெண் உண்டு, கல்லூரியின் மேற்பார்வையாளர் உண்டு, அந்த மாணவர் எதைக் கற்க வேண்டும் என்பதையும் கல்லூரியே முடிவு செய்கிறது. வாரத்தில் குறித்த சில நாட்கள் வருவார், தேர்வு நெருங்கினால் வரமாட்டார், அதைக் குறை சொல்லவும் நமக்கு இடமில்லை. ஊதியம் கொடுத்து அமர்த்தும்போதுதான் "இந்தப் பொறுப்பு உங்களுடையது" என்று சொல்லும் உரிமை அமைப்புக்கு வருகிறது.

இந்த நகரத்தில் மாணவருக்கும் குடியிருப்புக்கும் உள்ள உறவு புதியதன்று. சமூகப்பணி கற்பிக்கும், இன்று தியோனாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமே, நாக்பாடாவில் சமூக மையம் ஒன்றை நடத்திவந்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்பவரை முதல் இயக்குநராகக் கொண்டு 1936இல் தொடங்கப்பட்டதுதான்.

உண்மையான செலவு அந்த 8,000 ரூபாய் அன்று, பயிற்சியாளரோடு உட்காரப்போகிறவருடைய நேரம். தங்கள் உதவி மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதிப் பழகியவர்கள். இங்குள்ள படிவங்களோ பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்கின்றன. ஒரே பெண்மணி பள்ளிச் சான்றிதழில் மு. செல்வியாகவும், ஆதாரில் செல்வி முருகனாகவும், ரேஷன் அட்டையில் கணவர் பெயரோடும் இருப்பார். எந்த ஆவணத்தை முதலில் திருத்தினால் மற்றவை பின்தொடரும் என்பது பல ஆண்டுகளாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத்தான் தெரியும். முதுகலை படிப்பவர் அதை எந்த வகுப்பிலும் கற்றிருக்கமாட்டார். முதல் மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு அந்த நடைமுறையைத் தமிழிலும் மராத்தியிலும் கையேடாக எழுதித் தரும் பொறுப்பைக் கொடுங்கள். அவர் போன பிறகும் அது மையத்தில் இருக்கும். கோப்புகளை அடுக்குவதற்கும் விழா மேடையில் நாற்காலி போடுவதற்கும் என்றால் முதுநிலை மாணவர் வேண்டாம்.

மொழியைப் பொறுத்தவரை, இருவரில் ஒருவர் தமிழ் பேசுபவராக இருந்தால் போதும். ரேஷனிங் அலுவலகத்தில் நல்ல மராத்தி பேசுகிறவரால் கிடைக்கும் உதவி, படிப்பகத்தில் அவருக்குத் தமிழ் தெரியாத குறையை ஈடுசெய்துவிடும்.

மறுமொழி 2: மாட்டுங்கா கணக்காளர்

கணக்கு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அறங்காவலர் குழு தீர்மானம் நிறைவேற்றி, நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்த பிறகே நியமனக் கடிதம் கொடுங்கள். காலம், வார நேரம், தொகை, விடுப்பு, யாரிடம் பொறுப்பு என்பவை கடிதத்தில் இருக்க வேண்டும். தொகையை வங்கி வழியாக மட்டுமே செலுத்துங்கள். தணிக்கையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பாக இருந்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம். நிறுவனங்கள் தரும் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி என்றால், பயிற்சியாளர் தொகையைத் திட்ட வரைவிலேயே தனி வரியாகக் காட்டிவிடுவது நல்லது. பணம் வந்த பிறகு நுழைக்கப் பார்த்தால் வீண் கடிதப் போக்குவரத்துதான் மிஞ்சும்.

இன்னொன்றையும் பல அமைப்புகள் கவனிப்பதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுபவரையும், ஊதியமில்லாமல் தொண்டு செய்பவரையும்கூடப் பணியாளராகவே கருதுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்தால் உள்ளகக் குழு அமைத்தாக வேண்டும். குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் தெரிவியுங்கள்.

மறுமொழி 3: முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி, கோவண்டி

ஊதியமில்லாத இடங்களுக்கு யார் வருகிறார்கள் என்பதையும் குழு மூத்தவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து பணம் வருகிறவர்களால் மட்டுமே அப்படி வர முடியும்; கல்விக் கடனில் படித்துக்கொண்டு விடுதியில் இருப்பவர், விருப்பமிருந்தாலும் டியூஷன் எடுக்கப் போய்விடுவார். தாராவியிலேயே பிறந்து முதுகலை வரை வந்த பிள்ளைகள்தாம் தங்களுக்கு மிகவும் பொருத்தமானவர்கள், அவர்களைத்தான் இலவச ஏற்பாடு முதலில் வெளியே நிறுத்துகிறது. தொகையை மாதாமாதம் கொடுங்கள் ஐயா. நான் முன்பு பணிபுரிந்த ஓர் அமைப்பில், கடைசியில் சான்றிதழோடு சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். அதுவரை ரயில் பாஸுக்கும் சாப்பாட்டுக்கும் தோழியிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது.

செயலாளர்

மூவருக்கும் நன்றி. ஒரு தமிழ் மாணவர், ஒரு மராத்தி மாணவர் என்ற யோசனையைக் குழுவில் வைக்கிறேன். கோவண்டி மாணவி சொன்ன கருத்தை மூத்தவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆறு மாதங்களை எப்போது தொடங்கினால் தேர்வோடு மோதாது?

செம்பூர், களப்பணி மேற்பார்வையாளர்

எப்போது தொடங்கினாலும் இடையில் ஒரு பருவத் தேர்வு வந்தே தீரும். ஜூலையில் தொடங்கி, தேர்வுக் காலத்தில் மூன்று வாரம் விடுப்பு என்று கடிதத்திலேயே எழுதிவிட்டு, அந்த வாரங்களை முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். களப்பணி நாட்களும் தங்கள் வேலை நாட்களும் ஒன்றாகிவிடாமல், அவர்களுடைய துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.